கோட்டிங்கனிலிருந்து சென்னைக்கு வந்த தந்தி

2025 பிப்ரவரியில் ஒரு நாள் காலை இறால் வாங்கப் பழவேற்காடு போயிருந்தேன். கரையில் உட்கார்ந்து வலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த, எனக்குப் பழக்கமான தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, 2032-ல வானத்துலேர்ந்து கல்லு வுழப்போவுதாமே, நம்ம பக்கமும் வருதாமே, நெசமா?"

செய்தி பொய்யில்லை. 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலிருந்த ஒரு தொலைநோக்கி சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தது. 2024 ஒய்.ஆர்.4 என்று பெயர். ஏறத்தாழ 60 மீட்டர் அகலம். 2032 டிசம்பர் 22-ல் அது பூமியில் மோதலாம் என்று கணக்கு சொன்னது. மோதினால் எங்கே விழலாம் என்று ஒரு கோடும் போட்டிருந்தார்கள். பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாக இந்தியா வரை வந்தது அந்தக் கோடு. பிப்ரவரி 18 அன்று மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் அது அநேகமாகப் பூஜ்யம் ஆகிவிட்டது.

"நேத்து மூணுன்னான், இன்னிக்கி ஒண்ணுமில்லேங்கறான். எதை நம்பறது?" என்றார் தம்பி. புயல் எச்சரிக்கையைச் சொல்லித்தான் விளக்கினேன். முதலில் கடலூருக்கும் நெல்லூருக்கும் நடுவில் எங்கேயாவது கரையைக் கடக்கும் என்பார்கள். கப்பலும் ரேடாரும் செய்தி சொல்லச் சொல்ல அந்தப் பட்டை குறுகும். குறுகும் பட்டைக்குள் நம் ஊர் இருக்கிற வரைக்கும் நமக்கு ஆபத்து ஏறிக்கொண்டே போவதுபோல் தெரியும். பட்டை நம்மை விட்டு நகர்ந்ததும் சட்டென்று ஒன்றுமில்லை என்றாகிவிடும். இங்கேயும் பல நாட்டுத் தொலைநோக்கிகள் அந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்துச் செய்தி அனுப்பியதால்தான் பட்டை குறுகியது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு பழைய தந்தி ஞாபகம் வந்தது. தந்தி இலாகாவில் காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்! ஆனால் இந்தத் தந்தி நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால், 1872-ல் சென்னைக்கு வந்தது.

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய கருங்கல் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டிய வானாய்வகத்தில் கருவியைத் தாங்கிய தூண் அது. தமிழிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1861 பிப்ரவரியில் அந்த வானாய்வகத்துக்குத் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன். வந்த இரண்டே மாதத்தில், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். வரிசையில் அது 67-ஆவது. அதன் பிறகும் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று சென்னையிலிருந்தே நான்கைக் கண்டுபிடித்தார். புகைப்படத் தகடு எதுவும் கிடையாது. நட்சத்திர வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வானத்தில் கூடுதலாக ஒரு புள்ளி இருக்கிறதா, அது நகர்கிறதா என்று கண்ணாலேயே தேடியவர். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியும் லேசுப்பட்டவர் அல்ல. 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர்.

இனி தந்தி விஷயம். பீலா என்று ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. ஆறரை வருஷத்துக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றி வரும். அதன் பாதை பூமியின் பாதையை ஒட்டிப் போகிறது என்று 1832-ல் தெரிந்தபோது, ஐரோப்பாவில் உலகம் அழியப்போகிறது என்று பீதி கிளம்பியது. உண்மையில் பூமி அந்த இடத்துக்கு வர ஒரு மாதம் இருக்கும்போதே வால்நட்சத்திரம் கடந்துபோய்விட்டது. 1846-ல் அது இரண்டாக உடைந்தது. 1852-ல் இரண்டு துண்டும் வந்தன. அதோடு காணாமல் போய்விட்டது.

1872 நவம்பர் 27 இரவு, ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. பீலா சிதறிய தூசிக்குள் பூமி புகுந்து வந்திருந்தது. ஜெர்மனியில் கோட்டிங்கன் ஊர் வானாய்வகத்தில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ் ஒன்றை யோசித்தார்: வால்நட்சத்திரம் பூமியை உரசிவிட்டுப் போயிருந்தால், எரிநட்சத்திரங்கள் வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் இப்போது போய்க்கொண்டிருக்க வேண்டும். அது தென்வானத்தில் சென்டாரஸ் மண்டலம். கோட்டிங்கனில் அந்த இடம் அடிவானத்தை விட்டு எழும்புவதே அரிது. சென்னையில் நன்றாகத் தெரியும். நவம்பர் 30 அன்று போக்சனுக்குத் தந்தி கொடுத்தார். 27-ஆம் தேதி பீலா பூமியைத் தொட்டது, சென்டாரஸ் அருகில் தேடு என்பதுதான் சாரம்.

ஆசியா சிறுகோளைக் கண்டுபிடித்த 1861-ல் ஐரோப்பாவுக்கும் சென்னைக்கும் தந்தி கிடையாது. கடிதம் கப்பலேறி வாரக்கணக்கில் போகும். 1870-ல்தான் கடலடிக் கம்பி பம்பாய் வந்து சேர்ந்தது. கடிதமாக வந்திருந்தால் இந்தச் செய்தியால் பயனே இருந்திருக்காது. இன்னொன்று, தந்திக்காரன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: மின்சாரத் தந்திக்கு உலகத்திலேயே முதன்முதலில் கம்பி இழுத்த ஊர்களில் ஒன்று இதே கோட்டிங்கன். 1833-ல் காஸ் என்ற கணித மேதையும் வேபர் என்ற பௌதிக அறிஞரும் வானாய்வகத்திலிருந்து ஊருக்குள் இழுத்தார்கள். கிளிங்கர்ஃபியூஸ் அந்தக் காஸின் மாணவர்.

சென்னையில் அப்போது கார்த்திகை மாதம். கார்த்திகையில் நம் பக்கத்து வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தந்தி வந்த பிறகு முதல் இரண்டு விடியற்காலையும் மேகமும் மழையும். மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணி வாக்கில் கொஞ்ச நேரம் மேகம் விலகியது. போக்சன் பார்த்தார். சொன்ன திசையில் ஒரு வால்நட்சத்திரம்! மறுநாள் விடியற்காலை இன்னும் நன்றாகத் தெரிந்தது. மங்கலாக ஒரு வாலும் இருந்தது. (அந்தக் கால வானியலார் நண்பகலிலிருந்து நாளைக் கணக்கிட்டதால் புத்தகங்களில் டிசம்பர் 2, 3 என்று இருக்கும். நம் கணக்கில் 3, 4.) பிறகு மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று தடவை இடம் குறிக்க வேண்டும். போக்சனிடம் இருந்தது இரண்டு. பீலாவையே பார்த்ததாகத்தான் அவர் நம்பினார். பின்னால் கணக்குப் போட்டவர்கள், பீலா அன்றைக்கு அந்த இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்றார்கள். அப்படியானால் அவர் பார்த்தது எது? இன்றுவரை விடை இல்லை. தென்வானம் தெரியும் இன்னும் நாலு ஊருக்கு அதே தந்தி போய், எங்கேயாவது ஒருவருக்கு மேகமில்லாத ஒரு காலை வாய்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

போக்சன் 1891-ல் சென்னையிலேயே இறந்தார். 1885-ல் அவர் கண்டுபிடித்த வேராவுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோளும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் குழுவினர் கல்கி என்று பெயரிட்டு ஒரு தேடலைத் தொடங்கி, 1988 பிப்ரவரி 17 அன்று ஒன்றைப் பிடித்தார்கள். அதற்கு நம் ராமானுஜன் பெயர்.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே 20 மீட்டர் அளவுள்ள கல் ஒன்று வெடித்தது. பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்ததில் 1,500 பேர் வரை காயமடைந்தார்கள். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யாருமே முன்கூட்டிப் பார்க்கவில்லை. அந்த வருஷக் கடைசியில்தான் ஐ.நா. ஆதரவோடு சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை அமைப்பு உருவானது. நம் நாட்டில் தந்தியை மூடியதும் அதே 2013-ல், ஜூலை மாதம். 2025 ஜனவரி 29 அன்று 2024 ஒய்.ஆர்.4 பற்றி உலகுக்கு எச்சரிக்கை விட்டது அந்த அமைப்புதான்.

அடுத்த தடவை கரைக்குப் போனபோது தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். "நம்ம ஏரியில பாடு மாத்திக்கற மாதிரிதானே? ஒரு ஊருக்கு விடிஞ்சா அடுத்த ஊரு பாத்துக்குது" என்றார். பிறகு, "கல்லு வந்தே தீரும்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். 2022 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற 160 மீட்டர் கல்லில் போய் மோதியதைச் சொன்னேன். அந்தக் கல் ஒரு பெரிய கல்லைச் சுற்றி வருவது. ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தது, மோதலுக்குப் பிறகு ஏறக்குறைய 33 நிமிஷம் குறைந்தது. தள்ளிவிட முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பல வருஷம் முன்னதாகத் தெரிய வேண்டும்.

அபோஃபிஸ் என்று இன்னொரு கல் இருக்கிறது. 2029-ல் நமக்கு ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் விடியற்காலை மூன்றேகால் மணிக்கு, பூமிக்கு 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். மோதாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். தம்பி கைப்பேசியில் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார். "அன்னிக்கி மழை இருக்காதுல்ல அண்ணே?" என்றார். சித்திரையில் ஏது மழை என்றேன்.