மருத்துவப் பணியாளர்களுக்கான மனவிழிப்புப் பயிற்சி

கடும் நோயில் இருப்பவர்களையும் மரணத்தை நெருங்கியவர்களையும் கவனிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் பணியின் நடுவிலேயே தம் உடலிலும் மனத்திலும் எழுவதைக் கவனிக்கப் பழகும் முறை இது. எழுவது நல்லதா கெட்டதா என்று தரம் பிரிக்காமல், அதிலிருந்து விலகி ஓடாமல் கவனிப்பது இதன் அடிப்படை. மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் பயிற்சிகளின் வேர் பௌத்தத் தியான மரபில் இருக்கிறது. ஓய்வுநேரத்தில் மனத்தை இலேசாக்கிக்கொள்ளும் வழி என்று மட்டும் இதைக் கருதுவது போதாது. நோயைக் குணப்படுத்த வழியில்லை என்று தெரிந்த பிறகும் கட்டிலருகே உட்கார்ந்து பேச முடிகிறதா என்பதே இதன் உண்மையான சோதனை.

தோற்றம்

ஜான் கபட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மனவிழிப்புப் பயிற்சி நோயாளிகளுக்கானது. நாட்பட்ட வலியோடு வாழ்ந்தவர்கள் பலர் அதில் சேர்ந்தனர். அந்தக் கவனத்தை மருத்துவர் பக்கம் திருப்பியதில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவர் ரொனால்ட் எப்ஸ்டீனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1999இல் 'ஜாமா' மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை, தன் மனத்தில் ஓடுவதைக் கவனிக்கும் மருத்துவராலேயே நோயாளி சொல்வதைச் சரியாகக் கேட்கவும் தன் பிழையைக் கண்டுகொள்ளவும் முடியும் என்று வாதிட்டது.

ஏன் தேவைப்படுகிறது

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் வகுத்தபடி பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டு: உணர்வு வற்றிப்போதல், எதிரே இருப்பவரை மனிதராகக் காண முடியாமற்போதல், தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். இரண்டாவது மிக அமைதியாக நுழைந்துவிடும். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் 'ஏழாம் பெட் கேஸ்' ஆகிவிடுவார். வலி இருக்கிறதா என்ற கேள்வியைக் கோப்பைப் பார்த்தபடியே கேட்பார்கள். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்வது நியாயமில்லை. தாங்க முடியாததிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது.

நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் செய்த மூளைப்பட ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. பிறர் துன்பத்தை அப்படியே தனதாக உணரும் பயிற்சி, பயின்றவர்களின் மனவேதனையைக் கூட்டியது. அடுத்து அளித்த கருணைப் பயிற்சி அந்த வேதனையைத் தணித்தது. மூளையில் இரண்டுக்கும் வெவ்வேறு வலைப்பின்னல்கள் இயங்கின. கருணை குறைந்தால்தான் தாக்குப்பிடிக்கலாம் என்று மூத்தவர்கள் இளம் செவிலியருக்குச் சொல்லும் அறிவுரை தவறு என்றே இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

நடைமுறை

நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் உபாயா ஜென் மையத்தை நிறுவிய ஜோன் ஹாலிஃபாக்ஸ் 'கிரேஸ்' என்ற ஐந்து படி முறையை உருவாக்கினார். வார்டில் அது இப்படி நடக்கும். அறை வாசலில் கைகளைச் சுத்தம் செய்துகொள்ளும் செவிலியர் ஒரு மூச்சளவு நின்று, பாதம் தரையில் படுவதை உணர்ந்து, சிதறிய கவனத்தைச் சேர்க்கிறார். எதற்காக உள்ளே போகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார். முதலில் தன் தோள் இறுக்கத்தையும் பதற்றத்தையும் பார்த்துவிட்டு, பிறகு நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார். இவருக்கு இப்போது உதவுவது ஊசியா, விளக்கமா, வெறுமனே உடனிருப்பதா என்று எண்ணி, அதைச் செய்கிறார். வெளியே வரும்போது அந்தச் சந்திப்பை மனத்தில் முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார். தனியாக அரை மணி நேரம் ஒதுக்கக் கேட்காத பயிற்சி இது. அதனாலேயே வார்டுக்குப் பொருந்துகிறது.

வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர் தொடங்கிய வழக்கம் இன்னும் எளியது. உயிர்ப்பிக்கும் முயற்சி தோற்று மரணம் அறிவிக்கப்பட்டதும், குழுவினர் கலையாமல் கட்டிலைச் சுற்றிச் சிறிது நேரம் மௌனமாக நிற்பார்கள். இறந்தவரும் ஒருவரால் நேசிக்கப்பட்டவர், முயன்ற கைகளும் மதிக்கத்தக்கவை என்று ஒருவர் சொல்வார். அவரவர் நம்பிக்கைக்கேற்ப நினைத்துக்கொள்ளலாம்.

பயனும் எல்லையும்

ரோச்செஸ்டரில் 70 மருத்துவர்கள் 8 வாரத் தீவிரப் பயிற்சியும் அடுத்த 10 மாதத் தொடர் பயிற்சியும் பெற்றனர். தியானத்தோடு, தங்கள் நோயாளிகளைப் பற்றிய அனுபவங்களை எழுதிப் பகிர்வதும் அதில் இருந்தது. மைக்கேல் கிராஸ்னர் குழுவினர் 2009இல் வெளியிட்ட முடிவுகளின்படி அவர்களின் சோர்வு குறைந்தது, பரிவு கூடியது. ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை; கலந்துகொண்டவர்களும் தாமாக முன்வந்தவர்கள். அடக்கிவைத்த துக்கம் தியானத்தில் மேலெழுந்து சிலரைக் கலங்கடிக்கும் என்பதால் தேர்ந்த பயிற்றுநர் உடனிருப்பது அவசியம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், முறையாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. அதே ஆண்டு அமெரிக்க தேசிய மருத்துவ அகாதமியின் அறிக்கையும் தீர்வை மருத்துவ அமைப்புகளின் பொறுப்பாக்கியது. ஒரே செவிலியரிடம் இருவர் பார்க்க வேண்டிய வார்டை ஒப்படைத்துவிட்டு, மூச்சைக் கவனிக்கச் சொல்வது அநீதி. இப்பயிற்சியைக் கொண்டுவரும் மருத்துவமனை அதைப் பணிநேரத்துக்குள் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வார்டைப் பார்க்க மாற்று ஆளையும் நியமிக்க வேண்டும்.