கொக்கிளாய்க் கறுப்பு மணலும் சோடி சேராத இலத்திரன்களும்

வன்னிப் பெருநிலத்தின் கீழைக் கரையில், முல்லைத்தீவு மாவட்டத்தையும் திருகோணமலை மாவட்டத்தையும் பிரிக்கும் கொக்கிளாய்க் களப்பின் இருமருங்கிலும் கிடக்கும் கறுப்பு மணல், உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து ஆற்றோடு கடல் சேர்ந்து, வாடைக்கால அலைகள் இலேசான வெண்மணலை அரித்துக்கொண்டு போனபின் கரையில் தங்கிவிடும் பாரமான மணிகளின் திரட்டாகும். அதில் பெரும்பங்கு இல்மனைற்று, அதாவது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு கூடிய கனியம். வெள்ளைப் பூச்சுத் தயாரிப்புக்கு வேண்டிய தைத்தேனியம் இத்தனை கறுத்த மணலிலிருந்து கிடைப்பது இயற்கையின் குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

களப்பின் தென்புறத்துப் புல்மோட்டையில் இம்மணலை எடுத்து ஏற்றுமதி செய்வதற்கென 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. 1992இல் அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்னும் அரச கம்பனியாக மாறியது. இதற்கிடையே, 1984இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர்; 1997 செப்டெம்பரில், புல்மோட்டைக் கடலில் இல்மனைற்று ஏற்ற வந்திருந்த கோர்டியாலிற்றி என்னும் கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்கு இலக்கானது. மணலின் வரலாறு எழுதப்படும்போது ஏற்றுமதிக் கணக்குகளுக்கே இடம் கிடைக்க, அக்கரையில் வாழ்ந்தவர்களின் கதை அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுவது வழக்கமாயிற்று.

இத்தொழில் முழுவதும் ஒரு நுண்ணிய பண்பின் மேல் நிற்கிறது. இல்மனைற்றிலுள்ள இரும்பு அணுவின் வெளிப்புற இலத்திரன்கள் ஆறில் நான்கு சோடி சேராமல் தனித்து நிற்பதால், அந்த மணிகளைக் காந்தம் சிறிதே ஈர்க்கிறது. தைத்தேனிய ஒட்சைட்டாகிய றூட்டைலில் அத்தகைய தனி இலத்திரன் இல்லாததால் அது ஈர்க்கப்படாமல் விலகிச் செல்கிறது. காந்தப் பிரிப்பான் என்னும் இயந்திரம் இவ்வேறுபாட்டைக் கொண்டே மணலைப் பகுக்கிறது.

தனித்து நிற்கும் இவ்விலத்திரன்கள் மாறாதவை அல்ல என்பதைப் பேரமுக்க ஆய்வுகள் காட்டின. இரு வைர முனைகளுக்கிடையே நுண்ணளவு மாதிரியை வைத்து நெருக்கும் கருவி 1950களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. வைரத்தின் ஊடே ஒளியும் எக்ஸ் கதிரும் புகுமாதலால், நெருக்கப்படும் பொருளை அந்நிலையிலேயே ஆராய முடிந்தது. எக்ஸ் கதிரால் தூண்டப்பட்ட இரும்பு திருப்பி உமிழும் கதிரின் நிறமாலையில், தனி இலத்திரன்கள் உள்ளவரை முதன்மைக் கோட்டின் அருகே ஒரு சிறு துணைமேடு தெரியும். அவை சோடி சேரும்போது அது தணியும். துருவுக்கு உறவான ஹெமற்றைற்று என்னும் இரும்பு ஒட்சைட்டில், வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 5 இலட்சம் மடங்கில் இம்மாற்றம் நிகழ்ந்து, கனியம் உலோகத்தைப் போல மின் கடத்தத் தொடங்குகிறது.

இல்மனைற்றில் நடப்பது வேறு வகை. இயற்கை இல்மனைற்றைக் காமாக் கதிரால் ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வொன்று, அமுக்கம் ஏறும்போது இரும்பு தன் இலத்திரன் ஒன்றை அயலிலுள்ள தைத்தேனியத்துக்குக் கைமாற்றுகிறது என விளக்கியது. புல்மோட்டையில் காந்தத்தை நம்பிப் பிரிக்கப்படும் இல்மனைற்று மணியிலுள்ள அவ்விரண்டு உலோகங்களும், வைர முனைகளுக்கிடையே தம் இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன.