பேகம்பூர் தோல்ஷாப்பில் பிறந்த சங்கம்

கடந்த வாரம் இந்தத் தொடரை அமெரிக்க முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை வாசலில் நிறுத்தியிருந்தேன். 1892 ஜூலையில் அங்கே நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிட்டு நம் ஊருக்கு வந்துவிடுவோம். ஊதியக் குறைப்பை ஏற்காத தொழிலாளர்களை மேலாளர் ஃபிரிக் வெளியே நிறுத்திக் கதவடைத்தார். பிங்கர்டன் கம்பெனியின் கூலிப்படை ஆட்கள் சுமார் 300 பேர் ஆற்று வழியாகப் படகில் வந்து இறங்கினார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கடைசியில் மாநில அரசின் படை வந்தது, சங்கம் நொறுங்கியது. 1901இல் கார்னகி தன் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, ஊர் ஊராக நூலகம் கட்டிக்கொடுக்கும் தருமவான் ஆனார். அமெரிக்க எஃகு ஆலைகளில் 12 மணி நேர வேலையோ 1923 வரை நீடித்தது.

கார்னகியின் எஃகுக்கும் திண்டுக்கல்லுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அதே காலத்தில் அமெரிக்கா நடத்திய இன்னொரு தொழிலுக்கும் நம் சீமைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதுதான் தோல்.

சென்னை மாகாணத்தில் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. மஞ்சள் பூ பூத்து, மானாவாரிக் காடெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிறதே, அதே ஆவாரைதான். பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் போட்டு, நாள்கணக்கில் புரட்டி எடுத்து, கடுக்காய்ச் சாறும் எண்ணெயும் கொடுத்துக் காயவைத்தால் வெளிர்நிறத்தில் மெத்தென்ற தோல் கிடைக்கும். லண்டன் ஏலச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. திண்டுக்கல், திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல்ஷாப்புகள், அதாவது பதனிடும் கூடங்கள், பெருகியதற்கு இதுவே காரணம்.

1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற வேதியியலாளர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் இழுத்த வேலையை அது மிகச் சில நாட்களுக்குள் அடக்கியது. பிலடெல்பியாவில் ராபர்ட் ஃபோர்டரர் என்ற முதலாளி அதே வழியில் பளபளப்பான ஆட்டுத்தோலைச் செய்து, காலணி உலகத்தையே வளைத்துப் பிடித்தார். பணம் குவிந்த பின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அவரைப் போன்ற அமெரிக்க முதலாளிகளுக்கு ஆவாரம்பட்டையில் பதப்பட்ட தோல் வேண்டியதில்லை. உப்புப் போட்ட பச்சைத்தோலைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் போதும், மீதியை அவர்களுடைய இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பதனிட்ட தோல் போய்க்கொண்டிருந்த மாகாணத்திலிருந்து பச்சைத்தோல் போகத் தொடங்கியது. பதனிடும் வேலையும் அந்த வேலைக்கான கூலியும் கடல் தாண்டிப் போயின.

இந்த அடியைச் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அரசு அதிகாரி கவனித்தார். குரோம் முறையை இங்கேயே பழக்க அவர் செய்த சோதனைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தவை. பின்னர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் குரோம் தோல் கம்பெனி தொடங்க, அதை ஒட்டிய பகுதிக்கு குரோம்பேட்டை என்ற பெயர் நிலைத்தது. திண்டுக்கல்லின் பழைய ஷாப்புகளைக் காப்பாற்றியதோ முதல் உலகப்போர். சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டியிருந்ததால் சென்னை மாகாணத்து மாட்டுத்தோலை பிரிட்டிஷ் போர்த்துறையே மொத்தமாக வாங்கிக்கொண்டது. போர் முடிந்ததும் 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தது. முதலாளிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவருக்கு அந்த லாபத்தில் என்ன கிடைத்தது?

திண்டுக்கல்லின் தோல் தொழிலுக்கு மையம் பேகம்பூர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருப்பதால் அந்தப் பெயர். தோலைத் தீட்டு என்று சாதி இந்து வணிகர்கள் ஒதுங்கிக்கொண்ட காலத்தில், இஸ்லாமிய வணிகக் குடும்பங்கள் துணிந்து முதல் போட்டு இந்தத் தொழிலை வளர்த்தன. அந்த உழைப்பை மறைக்கக் கூடாது. அதே ஷாப்புக்குள் கூலிக்கு இறங்கியவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த தலித் மக்கள். அவர்களில் கிறிஸ்தவம் தழுவியவர்களும் நிறையப் பேர்.

அன்றைய தோல்ஷாப்பின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் சங்கத்தின் தேவை புரியும். உப்பு ஏறி விறைத்துக் கிடக்கும் தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அடுத்தது சுண்ணாம்புக் குழி. மயிர் தளர்ந்து உரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்புப் பாலில் தோல் கிடக்கும். அதைத் தினமும் புரட்டிவிடும் ஆள் குழியிலேயே நிற்பார். கணுக்கால் தோல் வெந்து, விரலிடுக்கு புண்ணாகி, நகம் கரைந்துபோகும். குழியிலிருந்து எடுத்த தோலைச் சாய்த்து வைத்த மரக்கட்டையின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையைச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாய்ப் போனால் தோல் கிழியும். நஷ்டம் கூலியில் பிடிக்கப்படும். இந்த வாடை உடம்பில் ஏறினால் குளித்தாலும் போகாது. டீக்கடையில் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள். போதாததற்கு முன்பணம் வாங்கியவர் ஷாப்பை விட்டு வேறு ஷாப்புக்குப் போகவும் முடியாது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் பிள்ளையின் தலையில் விடியும்.

இந்த இடத்தில் சென்னைப் பெரம்பூரின் ஆலைகளைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பிறந்தது. பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயன்று தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். பின்னி கம்பெனி 1920இல் வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவது சிவில் குற்றம் என்று அன்றைய சட்டம் எடுத்துக்கொண்டது. 1894இல் சிகாகோவில் புல்மன் ரயில்பெட்டி வேலைநிறுத்தத்தை நொறுக்க ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் மீது பாய்ச்சிய அதே ஆயுதம்தான் இது. நீதிமன்றத்தின் ஒரு தாள் போதும், ஆலை வாசலில் போலீஸ் நின்றதற்குச் சமம். இந்த வழக்கின் பின்விளைவாகத்தான் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி தொழிற்சங்கச் சட்டம் கேட்டார். அது 1926இல் வந்தது.

1921 ஜூன் முதல் அக்டோபர் வரை நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் பெரம்பூர்ச் சங்கத்துக்கு நேர்ந்தது வேறு. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கூலி இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாதவர்கள். சங்கத்தில் சம மரியாதை கிடைத்ததாகவும் அவர்கள் உணரவில்லை. அவர்கள் ஆலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது. கம்பெனி ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காமல் வென்றது. இதற்குப் பொறுப்பை ஆதிதிராவிடர் தலையில் கட்டுவது பழைய பத்திரிகைகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சங்கம் தன் சாதியை வாசலில் கழற்றிவைக்காதது முதல் பிழை.

அமெரிக்காவும் இதே பாதையில்தான் நடந்தது. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் சுருட்டுத் தொழிலாளி. அந்தக் காலத்துச் சுருட்டுக் கொட்டகைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கை ஓய்வின்றிச் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். படித்தவரின் பங்குச் சுருட்டை மற்றவர்கள் சுருட்டிக் கொடுப்பார்கள். கேட்கவே மனசு நிறைகிறது. ஆனால் அதே காம்பர்ஸ் சீனர்களை நாட்டுக்குள் விடாத 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். அவரது கூட்டமைப்பின் பல சங்கங்கள் கறுப்பினத் தொழிலாளிக்குக் கதவைத் திறக்கவில்லை. முதலாளி வெளியே நின்ற அந்தக் கறுப்பரை வேலைநிறுத்தம் உடைக்கக் கூப்பிட்டுக்கொண்டார்.

இப்போது பேகம்பூருக்கு வருவோம். 1940களில் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஏ. பாலசுப்பிரமணியம் போன்றவர்கள் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். பெரம்பூரில் சாதி சங்கத்தை உடைத்தது, பேகம்பூரில் அதே சாதி சங்கத்தைப் பிணைத்தது என்பதே என் கருத்து. சுண்ணாம்புக் குழிக்குள் இறங்க வெளியே இருந்து ஆள் கிடைக்காது. ஊர் தெருக்காரர் பட்டினி கிடந்தாலும் அந்த வேலைக்கு வரமாட்டார். எந்தத் தீட்டு தொழிலாளியைக் குழிக்குள் தள்ளியதோ, அதே தீட்டு முதலாளி கையிலிருந்து கருங்காலியைப் பறித்துவிட்டது. ஒரே சேரி, ஒரே மாதாகோவில், ஒரே கிணறு. ஒருவர் வேலைநிறுத்தத்தை மீறினால் அவர் வீட்டுக்கு யார் போவார்கள், யார் சாவுக்கு வருவார்கள்? கூட்டமும் முழக்கமும் செய்த வேலையில் பாதியை உறவே செய்துகொடுத்தது.

இந்தப் பிணைப்புக்கு விலையும் உண்டு. நாகல்நகர் நெசவாளியும் பூட்டுப் பட்டறைக்காரரும் சுருட்டுத் தொழிலாளியும் தோல்ஷாப்புக்காரருடன் ஒரே பந்தியில் உட்கார நீண்ட காலம் ஆனது. முதலாளியின் அடியாள், போலீஸ் வழக்கு, 1948க்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் மீது விழுந்த அடக்குமுறை எல்லாவற்றையும் சேரியின் குடும்பங்களே தாங்கின. அதற்கிடையே 1947இன் தொழில்தகராறுச் சட்டமும் 1948இன் தொழிற்சாலைச் சட்டமும் வந்தன. வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று தாளில் எழுதியிருந்ததை ஷாப்புக்குள் கொண்டுவரச் சங்கம் வேண்டியிருந்தது. 1967இல் ஏ. பாலசுப்பிரமணியம் திண்டுக்கல் சட்டமன்ற உறுப்பினரானார். டீக்கடையில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டவர்களின் ஓட்டும் அதில் இருந்தது.

திண்டுக்கல்லில் வக்கீலாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்திய டி. செல்வராஜ், இந்த மக்களின் வாழ்வை வைத்து ‘தோல்’ என்ற நாவலை எழுதினார். 2012இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. வழக்குக் கட்டுகளைப் படித்துப் பழகிய கை எழுதியது அது. இந்தப் பகுதி வாசகர்கள் இன்னும் படிக்கவில்லை என்றால் தேடிப் படிக்க வேண்டும்.

1970களில் அரசு பச்சைத்தோலும் அரைப்பதத் தோலும் வெளியே போவதைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்டே அனுப்பச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதனுடன் குரோமும் பெருகியது. ஷுல்ட்ஸ் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கிய அதே உப்பு, கழிவுநீராகக் குளங்களிலும் குடகனாற்றுப் பக்கமும் இறங்கியது. அகரம், தாடிக்கொம்பு வட்டாரம் இந்த ஆற்றை நம்பி வெள்ளாமை செய்த பூமி. முத்தாலம்மன் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்களிடம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய காலமும் வந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூட வேண்டும் என்று உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு இது. நிலம் கெட்ட விவசாயிக்கு இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையமும் வந்தது. அது அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயம். சுத்திகரிப்புச் செலவைத் தாங்க முடியாத சிறிய ஷாப்புகள் பல மூடின. ஆலை மூடினால் தொழிலாளிக்கு நஷ்டஈடு உண்டு என்று அன்றைய தொழில்தகராறுச் சட்டம் சொன்னது. அதை வாங்க மஸ்டர் ரோலில் பெயர் இருக்க வேண்டியிருந்தது. முன்பணத்துக்கும் தினக்கூலிக்கும் குழியில் இறங்கியவர்களில் எத்தனை பேரின் பெயரை எந்த மேஸ்திரி எழுதிவைத்தார்? ஆற்றுக்கு வழக்குப் போட ஆள் இருந்தது. அதே குரோம் நீரில் முதலில் கை நனைத்தவருக்காக அப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதாக எனக்குத் தெரியவில்லை.

(தொடரும்)