பெயர் கொடுக்கும் மலை

காரவள்ளியில் ஏறத் தொடங்கும் பேருந்து, சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பியாக வேண்டும். பாதி வளைவு தாண்டியதும் யாராவது ஒருவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குடலைக் காலி செய்வார். பக்கத்து இருக்கைக்காரர் எலுமிச்சம்பழத்தை நீட்டிக்கொண்டே, “சும்மாவா கொல்லின்னு பேரு வெச்சாங்க?” என்பார். கொல்லிமலை என்ற பெயருக்கு ஊர் சொல்லும் விளக்கம் இந்தக் கேலியில் முழுதாக அடங்கிவிடுகிறது.

இலக்கணம் அந்த விளக்கத்துக்கு எதிர்ப்புச் சொல்லாது. ‘கொல்’ என்ற வினையடியோடு இகரம் சேர்ந்தால் கொல்வது, கொல்பவர் என்று பொருள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, ஆட்கொல்லி எல்லாம் அப்படிப் பிறந்தவைதாம். மலை எதனால் கொல்கிறது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு விடை வரும். புலியும் கரடியும் என்பார் ஒருவர். சித்தர்களின் தவம் கலையாமல் காக்க நிறுத்தப்பட்ட பாவை, வருகிறவனைப் பார்த்துச் சிரித்தே உயிரை வாங்குவாள் என்பார் இன்னொருவர். வயதானவர்கள் காய்ச்சலைச் சொல்வார்கள்.

காய்ச்சலுக்குச் சாட்சி உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் 1913இல் திருமணம் முடித்த கையோடு இந்த மலைக்குக் குடியேறினார்கள். மருத்துவம், பள்ளிக்கூடம், தச்சுவேலை, பட்டுப்புழு வளர்ப்பு என்று ஜெஸ்ஸி கைவைக்காத வேலை இல்லை. 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்றவர். ஜெஸ்ஸியை 1929இல் கருநீர்க் காய்ச்சல் கொண்டுபோனது. மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்து வரும் கடுமையான நோய் அது. கணவர் இறந்த பிறகு ஈவ்லின் நெடுங்காலம் இந்தப் பகுதி மலைகளிலேயே சுற்றினார். நடக்க முடியாத முதுமையில் மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போனார். 1974இல் தம் 95ஆம் வயதில் இறந்தபோது, வாழவந்தியில் கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆளைக் கொல்லும் மலை என்று பெயரெடுத்த இடத்தில் அந்த ஊரின் பெயர் வாழவந்தி. இதை நான் ஜோடிக்கவில்லை. வாழவந்தி நாடு கொல்லிமலை நாடுகளில் ஒன்று.

சாட்சி வலுவாக இருப்பதாலேயே சொல்லின் பிறப்பும் அதுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. சங்கப் பாட்டுகளைப் புரட்டினால் வேறொரு கொல்லி தெரிகிறது. குறுந்தொகையில் பரணர் இந்த மலைக்கு அச்சம் முதிர்ந்தது என்ற அடைமொழி தருகிறார், உண்மைதான். ஆனால் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது பலா மரங்களையும் அருவியையுந்தான். இன்றைக்கும் மலையில் பலாவும் மிளகும் விளைகின்றன, ஆகாயகங்கை அருவி விழுகிறது. பாவையும் அப்பாட்டுகளில் யாரையும் கொல்வதில்லை. தெய்வம் மலைமேல் எழுதிவைத்த வடிவம் அவள். தலைவியின் அழகுக்கு உவமையாக வருகிறாள். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே கிளர்ந்தாலும் தன் அழகு குலையாமல் நிற்பவள் என்கிறது நற்றிணைப் பாட்டு ஒன்று.

என் கணிப்பு இது. கொல்லிப்பாவை என்றால் முதலில் கொல்லியில் உள்ள பாவை. மதுரை மல்லி, பழனிப் பஞ்சாமிர்தம் என்பதைப் போல இடம் சுட்டும் தொடர். மலையின் பெயர் பழகிப்போய், அது பெயர் என்பதே மறந்த காதுக்கு அதே தொடர் ‘கொல்லும் பாவை’ என்று கேட்டது. கொல்ல வேண்டுமானால் ஒரு வழி வேண்டுமே? சிரிப்பு வந்து சேர்ந்தது. கதையிலிருந்து பெயர் பிறக்கவில்லை, பெயரைப் பிரித்த விதத்திலிருந்து கதை பிறந்தது.

இந்த மலையில் நிச்சயமாகக் கொல்லப்பட்ட ஒருவனை நமக்குத் தெரியும். வல்வில் ஓரி. யானையைத் துளைத்த அம்பு புலியையும் மானையும் பன்றியையும் கடந்து புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடிய வேட்டுவன். முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்லும் இடத்தில் கொலையும் கொல்லியும் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. ஓசைக்காகத்தான் அப்படி வைத்தாரா என்பதை அவரவர் காது முடிவுசெய்யட்டும். வென்ற காரி ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் ஓர் உவமைக்குள் வைத்துவிட்டுப் போகிறார்.

மண்ணுக்காக உயிர்விட்ட தலைவன். புலவர் போற்றிய வள்ளல். இன்றைய வழக்கப்படி பார்த்தால் உச்சிப் பாறைக்காவது ‘ஓரிமுடி’ என்று பெயர் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நடந்தது இதற்குத் தலைகீழ்: மலையின் பெயர் ஆளுக்குப் போனது. கொல்லி கைமாறியதும் சேரர்கள் கொல்லிக்கு உரியவர்களானார்கள். பல நூற்றாண்டு கழித்துக் குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் தம்மைக் கொல்லி காவலன் என்று சொல்லிக்கொள்கிறார். பொறை என்றால் மலை, சேரன் பொறையன். ஓரியைக் கொன்றவன் மலையமான். குறிஞ்சித் தலைவன் வெற்பன், சிலம்பன். பாரி பறம்பின் தலைவன், குமணன் முதிரத்துக்காரன், அதியமான் குதிரைமலைக்காரன். காஞ்சிப் பக்கமிருந்து வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்லும் கொல்லிமலை மக்களுக்கும் மலையாளி என்றே பெயர். ஒரு பண்ணுக்குக்கூடக் கொல்லி என்ற பெயர் உண்டு. சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. அண்ணாமலை, ஏழுமலை, திருமலை, கைலாசம் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் இன்னும் ஓயவில்லை.

ஆளின் பெயரை மலைக்குச் சூட்டும் வழக்கம் பெரிதாக உலகுக்குப் போனதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தூரத்துப் பங்கு இருக்கிறது. வில்லியம் லாம்டன் 1802இல் தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கப் போட்ட முதல் அடிக்கோடு சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் தொடங்கியது. அந்தச் சிறு குன்றே ஆங்கிலத்தில் ஒரு நினைவிடம். தோமையார் அங்கே உயிர்நீத்தார் என்ற நம்பிக்கையில் அவர் பெயரே அதற்கு ஆங்கிலத்தில் வந்தது. தமிழ்வாய் அவரை விட்டுவிட்டு, குடியிருந்த பரங்கியரைப் பிடித்துக்கொண்டது. லாம்டனுக்கு உதவியாளராக வந்து, பின் பொறுப்பேற்று அளவையை இமயம்வரை கொண்டுபோனவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் ஓய்வுபெற்ற பிறகு, 15ஆம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று ராதாநாத் சிக்தாரின் கணக்கு காட்டியது. அடுத்து வந்த ஆண்ட்ரூ வா, 1856இல் தம் முன்னவர் பெயரை அதற்கு முன்மொழிந்தார். எவரெஸ்ட்டே மறுத்தார்: தம் பெயரை இந்தியில் எழுத முடியாது, அங்குள்ள மக்களால் சொல்லவும் முடியாது என்பது அவர் வாதம். ஆனாலும் 1865இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. தம் பெயரை அவர் ‘ஈவ்ரெஸ்ட்’ என்றுதான் உச்சரித்தாராம். ஆக, சிகரத்தில் இருப்பது அவர் பெயர்கூட இல்லை; அதன் எழுத்துக்கூட்டல். திபெத்தியர் சோமோலுங்மா என்று முன்பே அழைத்துவந்தது வாவின் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் ஏறவில்லை.

அப்படியானால் செத்தவர்களுக்குத் தமிழர் என்ன செய்தார்கள்? கல் நட்டார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் அதற்கு ஒழுங்கே வகுக்கிறது. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்கு வைகைப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் நட்ட தமிழி எழுத்துக் கல் 2006இல் கிடைத்தது. சிலப்பதிகாரத்துச் செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயம்வரை படையோடு போகிறான். போனவன் அங்குள்ள சிகரம் ஒன்றுக்குக் கண்ணகி என்று பெயரிட்டுத் திரும்பவில்லை. கல்லை வெட்டி, கங்கையில் நீராட்டி, சேரநாட்டுக்குக் கொண்டு வருகிறான்.

வழியில் இறந்தவனுக்கு இன்னொரு சொல் இருந்தது: பதுக்கை. பாலை வழியில் மறவர் அம்புக்குப் பலியானவன் உடல்மேல் கல்லையும் தழையையும் குவித்த மேடு அது. பதுக்கு என்ற வினையிலிருந்து வந்தது. உடலைப் பதுக்கிவைத்த இடம். இன்று பதுக்கல் என்றால் அரிசி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. சொல் இங்கே சந்தைக்குப் போய்விட்டாலும் அந்தப் பொருள் இன்னும் பனிமலைகளில் இருக்கிறது. 1953இல் கே2 மலையில் நோயுற்று, கீழே இறக்கும்போது மாண்ட ஆர்ட் கில்க்கி என்ற அமெரிக்கருக்குத் தோழர்கள் கல் குவித்தார்கள். பிறகு அந்த மலையில் இறந்தவர்கள் பெயரெல்லாம் தகடுகளில் அங்கேயே சேர்ந்துவருகின்றன. எவரெஸ்ட் அடிமுகாம் போகும் வழியில் துக்லா கணவாயிலும் வரிசையாகக் கற்குவியல்கள். அந்தச் சிகரத்தில் 300 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பனிச்சரிவு, வெடிப்புக்குள் விழுதல், உயரத்தில் மூச்சுக்காற்று போதாமல் மூளையும் நுரையீரலும் வீங்குதல் என்று காரணங்கள். ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் சரி, அந்தக் குவியல்களுக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டாம். பதுக்கை போதும்.

என் வாதத்துக்கு இடறலாக இரண்டு பெயர்கள் நிற்கின்றன. ஒன்று பொதிகையின் அகத்தியமலை, 1,868 மீட்டர். ஆனால் அகத்தியர் இறந்ததாக யார் ஒப்புக்கொள்வார்கள்? அங்கே இன்னமும் இருக்கிறார் என்பதுதான் நம்பிக்கை. அது குடியிருப்பவர் பெயர். நினைவுப் பெயர் இல்லை. மற்றது உண்மையிலேயே நினைவுப் பெயர்தான்: திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலக்கல். பாரி மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஓரியைக் கொன்ற காரியின் ஊரில் நிலைத்த பெயர் காரியுடையது இல்லை, புலவருடையது. அதுவும் மலைக்கு வைத்ததில்லை, ஆற்றுப் பாறைக்கு. ஏறி இறங்க யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மலைப் பெயரை ஆளுக்கு வைக்கும் நம் வழக்கத்துக்கு மிக அருகில் வந்தவர் ஓர் அமெரிக்கர். வில்லி அன்சோல்ட் இளமையில் 7,816 மீட்டர் நந்தா தேவியைக் கண்டு மயங்கி, பிறந்த மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். 1976இல் தந்தையும் மகளும் சேர்ந்து அந்த மலை ஏறப் போனார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, 22 வயதில், நந்தா தேவி அன்சோல்ட் நோயுற்று இறந்தார். உடலை மலையிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கினார்கள். இப்போது அந்தப் பெயரைக் கேட்கும் மலையேறிகளில் பலருக்குப் பெண்ணும் நினைவுக்கு வருகிறாள். மலைக்கு யாரும் புதுப்பெயர் சூட்ட வேண்டியிருக்கவில்லை.

கங்கோத்ரிப் பக்கத்துச் சிகரங்களுக்கு 2018இல் வாஜ்பாய் பெயர் வந்தது. 2024இல் அருணாசலத்தில் ஒரு சிகரத்துக்கு ஆறாம் தலாய் லாமாவின் பெயரை வைக்க, சீனா சண்டைக்கு வந்தது. இந்தக் காய்ச்சல் கொல்லிக்கும் பரவலாம். ஓரிக்கு இப்போது செம்மேட்டில் சிலை உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு விழாவும் வில்வித்தைப் போட்டியும் உண்டு. நாளைக்கு யாராவது ‘ஓரி சிகரம்’ என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்தால், எதிர்மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. போட்டிக்கு வேண்டுமானால் இன்னும் நான்கு நல்ல வில் வாங்கிக் கொடுக்கட்டும்.