பெண் பனையும் சட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, மலையில்லை, பெருங்காடுமில்லை. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிலே தேங்கும் மழைநீரே அந்நிலத்தின் உயிர். அத்தகைய நிலத்தில் நீர் வார்ப்பாரின்றி வளர்ந்து, வீட்டுக்கு ஓலையும் வளையும் சிலாகையும், உணவுக்கு ஒடியலும் பனாட்டும் ஈந்தது பனை. ஆதலின் பனையைத் தறித்தல் அங்கே தனியொருவரின் காரியமாக மட்டும் எக்காலத்தும் இருந்ததில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்ற தேசவழமை, எல்லையோரத்து மரம் அயலவர் நிலத்தின்மேற் சாய்ந்தால் அதன் பயன் யாரைச் சாரும் என்பதையும் வகுத்துரைத்தது. ஆங்கிலேயர் 1806 இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். எனினும் அவ்விதி உரிமை வழக்கைத் தீர்க்க வந்ததேயன்றி, மரத்தை அதன் உடையவரிடமிருந்து காக்க வந்ததன்று.

உடையவரும் தம் மரத்தை விரும்பியவாறு வெட்டலாகாது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டிலேதான் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம், குறித்த மரங்களைக் காக்கக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. இலங்கையிலோ பனைக்குக் காப்பளித்தது வேறொரு சட்டம். அது 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் கீழ்ப் பலா முதலியவற்றுடன் பெண் பனையும் அனுமதியின்றித் தறிக்கலாகாத மரமாயிற்று. மீறுவோர் நீதிமன்றத்தில் விடை கூறவேண்டும்.

பெண் பனையை மட்டும் குறித்ததேன்? நுங்கும் பழமும் தருவது அதுவே; அப்பழத்தின் விதையிலிருந்தே கிழங்கும் வருங்கால வடலியும் தோன்றுகின்றன. ஆனால் முதிர்ந்த பெண் பனையின் வைரமே உறுதிமிக்கது என யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாகக் கருதி வந்தனர். எனவே சட்டம் காக்க முனைந்த மரமும் வாளும் கோடரியும் தேடிய மரமும் ஒன்றேயாயின.

வழக்குத் தொடுப்பதிலும் இடர் உண்டு. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சென்று பாளை விட்ட பின்னரே பனை ஆணோ பெண்ணோ எனத் தெரியவரும். அதுவரை வடலிக்குப் பெண் பனை என்னும் காப்பில்லை. வட்டு நீக்கிக் குற்றிகளாக அறுத்த பின்னர், அடிக்கட்டையைப் பார்த்து அதன் பாலைக் கூறுதல் அரிது. ஆதலின் அம்மரம் காய்த்ததைக் கண்ட அயலாரின் சாட்சியமின்றிக் குற்றத்தை நிறுவுதல் எளிதன்று.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் சட்டம் ஏட்டளவில் நின்றது. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பனங்குற்றிகள் அடுக்கப்பட்டன. போரிட்ட இருதரப்பாரும் தறித்தனர். எறிகணைகளால் எண்ணற்ற மரங்கள் தலையிழந்து நின்றன. அக்காலத்தில் அனுமதி கேட்டவர் யார்? வழக்குத் தொடுத்தவர் யார்? 1978 இல் அமைக்கப்பெற்ற பனை அபிவிருத்திச் சபை விதை நடுதலை ஊக்குவித்து வந்தபோதிலும், அழிவின் விரைவுக்கு மரத்தின் வளர்ச்சி ஈடுகொடுக்கவில்லை.

வேம்பை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். குருத்திழந்த பனையோ மீளாது. நீதவான் விதிக்கும் தண்டம் அரசுக்குச் சேரும். பனங்கூடலுக்கு மரம் சேராது. மரம் வீழ்ந்த பின்னர்த் தொடுக்கும் வழக்கு அடுத்த மரத்தையே காக்கவல்லது. அதற்கும் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறப்பட்டதா என, கோடரி விழுமுன் வினவும் அயலார் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் ஊரில்தான் 1951 ஆம் ஆண்டின் சட்டம் உயிர்பெறும்.