நெருப்பை நம்பிய நீலச் சிறகு

இயற்கை என்றதும் மனிதக் கை படாத நிலத்தையே நாம் எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வில்லாமெட் பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் மட்டும் வாழும் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் வரலாறு அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது.

ஃபெண்டர் நீலன் என்று அதை அழைக்கலாம். சிறகு விரித்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆணின் மேற்புறம் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. பெண் பூச்சி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த லூபின் செடியின் இலையடியில் ஒவ்வொன்றாக முட்டையிடும். புழு சில வாரங்கள் இலை தின்னும். கோடையில் செடி வாடியதும் அதன் தூரில் ஒடுங்கிவிடும். மாரியும் பனியும் கடந்து, வசந்தத்தில் செடி துளிர்க்கும்போதுதான் மீண்டும் விழிக்கும். அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் உடனிருந்து காவல் காப்பதுண்டு. ஓராண்டு ஆயுளில் சிறகோடு திரிவது இரண்டு வாரத்துக்கு மேலில்லை. எஞ்சிய காலமெல்லாம் செடியின் காலடியில்தான்.

லூபினுக்கு வெயில் விழும் திறந்த வெளி வேண்டும். அதைக் காத்துவந்தவர்கள் கலப்பூயா தொல்குடியினர். காமாஸ் கிழங்குக்காகவும் விதைகளுக்காகவும் வேட்டைக்காகவும் கோடை முடிவில் புல்லுக்குத் தீயிடுவது அவர்கள் வழக்கம். 1826இல் அவ்வழியே சென்ற தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ், கருகிய நிலத்தைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1830களின் தொடக்கத்தில் பரவிய மலேரியா அம்மக்களில் பெரும்பாலோரைக் கொன்றது. 1855இல் ஒப்பந்தம் நிலத்தைப் பறித்தது. 1856இல் எஞ்சியவர்கள் கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். தீ அணைந்தது. புல்வெளியில் ஒரு பகுதியை ஏர் உழுதது. மற்றதை மரமும் புதரும் மூடின. இன்று நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

1931இல் ரால்ஃப் மேசி இப்பூச்சியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோதே அதன் வீடு சுருங்கியிருந்தது. 1937க்குப் பின் யாரும் காணாததால் அழிந்ததென்றே கருதினர். 1980களின் இறுதியில் கார்வாலிஸ் நகருக்கருகே அது மறுபடி தென்பட்டது. 2000இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டு, எண்ணிக்கை பெருகியதால் 2023இல் ஒரு படி குறைந்த ஆபத்துப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

மீட்புக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, பழைய நெருப்பேதான். தூரில் உறங்கும் புழுக்களை அது கொல்லும். ஆனால் அடுத்த ஆண்டு லூபின் செழிக்கும். ஆகவே பகுதி பகுதியாக எரிக்கிறார்கள். எரியாத பக்கத்திலிருந்து பூச்சிகள் திரும்பி வரும்.

கலப்பூயாக்கள் வழிவழியாகச் செய்துவந்ததை ஆய்வாளர்கள் கணக்கிட்டு மீண்டும் கற்கிறார்கள். ஒரு சமூகத்தை அதன் நிலத்திலிருந்து பெயர்க்கும்போது, அதை நம்பியிருந்த எத்தனை உயிர்கள் உடன் பெயர்கின்றன என்பதை எந்த ஒப்பந்தமும் எழுதி வைப்பதில்லை. அதை நாம் ஒரு புழுவிடமிருந்து அறிய நேர்கிறது.