தமிழ்க் காமிக்ஸின் சாகச நாயகர்களும் வில்லன்களும்

தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் தலைமுறை கடந்தும் எடுத்துப் படிக்கும் சாகச நாயகர்களில் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி ஆகிய மூவருக்கும் தனி இடம் உண்டு. மூவரும் லண்டனின் சிறுவர் வார இதழ்களில் பிறந்து, சிவகாசியில் தமிழ் பேசத் தொடங்கியவர்கள். அமெரிக்காவின் சூப்பர்மேனும் பேட்மேனும் தமிழ் அச்சில் இவர்களுக்குப் பின்வரிசையில்தான் நின்றார்கள். மாயாவியும் ஸ்பைடரும் மூலத்தில் வில்லன்களாக அறிமுகமானவர்கள். திருந்திய கெட்டவனை நாயகனாக ஏற்றுப் பழகிய வாசிப்பு மரபு இது. நாயகனுக்குச் சமமாக வில்லனைப் பற்றியும் இங்கே பேச்சு ஓயாமல் நடப்பதற்கு அதுவே முதற் காரணம்.

தமிழ்ப் படக்கதையின் வில்லன் வரிசையில் மூத்தவன் மந்திரவாதி மூசா. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ தொடரில் இளவரசி லைலாவை உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கிவிடுபவன் அவன். அவளைப் பழைய உருவுக்குக் கொண்டுவர அலையும் சிந்துபாத்திடம் வாளும் துணிவும் உண்டு, அபூர்வ சக்தி கிடையாது. சக்தி முழுவதும் வில்லன் பக்கமே இருந்தது. நாளுக்குச் சில கட்டங்களாக, டீக்கடையிலும் சலூனிலும் பலர் கை மாறிப் படிக்கப்பட்ட இத்தொடர் இருபதாயிரம் நாட்களைத் தாண்டி ஓடியது. வெளிநாட்டு வரவுகளில் முந்தியவர்கள் அமெரிக்கரான லீ ஃபாக் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக்கும் (1934) வேதாளரும் (1936). டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இவ்விருவரையும் இந்திய மொழிகளில் பரப்பியது.

தமிழில் தொடர்ச்சியான காமிக்ஸ் பதிப்பு முத்து காமிக்ஸுடன் வேரூன்றியது. சிவகாசியைச் சேர்ந்த சௌந்திரபாண்டியன் 1972 தொடக்கத்தில் இதை வெளியிட்டார். முல்லை தங்கராசன் அதன் தொடக்க கால ஆசிரியர். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி என்று படம் அச்சிடுவதையே தொழிலாகக் கொண்ட ஊரில் படக்கதை இதழ் கிளம்பியதில் வியப்பில்லை. முதல் இதழின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’.

இந்த மாயாவியின் மூலம், 1962 அக்டோபரில் வெளிவந்த ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழிலேயே தொடங்கிய தொடர். கென் புல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். பிற்காலக் கதைகளை டாம் டல்லி எழுதினார். லூயிஸ் கிராண்டெல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூட உதவியாளர். வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். ஆய்வுக்கூட விபத்தொன்றில் உடலில் மின்சாரம் பாய, எஃகுக் கை தவிர மற்ற உடல் முழுவதும் கண்ணுக்கு மறைந்துபோகிறது. கையில் கிடைத்த சக்தியைக் கொண்டு அவர் முதலில் செய்வது கொள்ளை. பேராசை முற்றி நியூயார்க் நகரையே தகர்ப்பதாக மிரட்டும் அளவுக்குப் போகிறார். பின்னரே மனம் மாறி, நிழல் படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறார்.

மாயாவிக் கதைகளின் பலம் அந்தச் சக்தியின் குறைபாட்டில் இருக்கிறது. மறைய வேண்டுமானால் மின்சாரம் தேவை. சற்று நேரத்தில் அதன் விளைவு தீர்ந்து உருவம் தெரிந்துவிடும். மறைந்திருக்கும்போதும் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதந்து காட்டிக்கொடுக்கும். இதனால் ஒவ்வொரு கதையிலும் வில்லனின் முதல் வேலை மாயாவியை மின் இணைப்பே இல்லாத இடத்தில் அடைப்பதுதான். ‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘கொள்ளைக்காரப் பிசாசு’ போன்ற இதழ்களில் எதிரி, ஊரையோ உலகையோ பணயம் வைக்கும் விஞ்ஞானியாகவோ இரகசியக் கூட்டத் தலைவனாகவோ இருப்பான். கதைகள் ஒரே அச்சில் வார்த்தவைதான். பிளாஸ்கோவின் நிழலும் ஒளியும் கலந்த கோடுகளே அவற்றைத் தூக்கி நிறுத்தின.

முத்து காமிக்ஸுக்குக் கதைகளைக் கொடுத்த பெரிய சுரங்கம், லண்டனின் ஃபிளீட்வே நிறுவனம் 1967, 1968 ஆண்டுகளில் வெளியிட்ட சூப்பர் லைப்ரரி என்னும் சிறு நூல் வரிசை. மாயாவியும் ஸ்பைடரும் அதில் முழுநீளக் கதைகளில் வந்தார்கள். அதே வரிசையின் உளவாளிகளே தமிழில் சி.ஐ.டி. லாரன்ஸ்–டேவிட் என்றும் ஜானி நீரோ என்றும் புகழ்பெற்றார்கள். மாயாவியையும் இவர்களையும் சேர்த்து ‘மும்மூர்த்திகள்’ என்று வாசகர்கள் அழைப்பது வழக்கம். மாண்ட்ரேக், வேதாளர், ரிப் கெர்பி, காரிகன் ஆகியோரும் முத்துவில் வந்தார்கள்.

1984இன் நடுப்பகுதி ஒரு திருப்பம். ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்ட் கதையான ‘அழகியைத் தேடி’யுடன் வெளிவந்தது, விலை 1 ரூபாய் 50 காசு. அதே மாதம் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பதினேழு வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்திமுனையில் மாடஸ்டி’. பெண் சாகசக்காரியான மாடஸ்டி எடுபடத் தயங்கிய நேரத்தில் இதழைத் தூக்கிவிட்டவன், ‘எத்தனுக்கு எத்தன்’ வழியே வந்த ஸ்பைடர்.

இந்த ஸ்பைடருக்கும் மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மேனுக்கும் உறவில்லை. ‘லயன்’ என்னும் பிரிட்டிஷ் வார இதழில் 1965 ஜூனில் தொடங்கி 1969 வரை வந்த தொடர் இது. டெட் கோவன் தொடங்கிவைத்தார்; பிறகு பொறுப்பேற்றவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்; படங்கள் ரெக் பன். கூரிய காதும் ஒட்டிய முகமுமாகச் சைத்தான் சாயலில் இருக்கும் ஸ்பைடரின் இலட்சியம், குற்ற உலகுக்கே சக்கரவர்த்தி ஆவது. பூட்டு உடைப்பதில் வல்லவன் ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் அடியாட்களாகச் சேர்த்துக்கொள்கிறான். வலைத் துப்பாக்கியும் ஹெலிகாரும் அவனுடைய கருவிகள். ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட கோட்டையில் குடியிருக்கிறான். சில கதைகளுக்குள் அவன் கட்சி மாறிவிடுகிறான். அதற்குக் காரணம் அறவுணர்வு அல்ல. போலீசைவிட மற்ற வில்லன்களை வெல்வதுதான் தன் திறமைக்கு ஏற்ற சவால் என்ற தற்பெருமையே.

ஸ்பைடரின் எதிரிகளே தமிழ்க் காமிக்ஸில் வில்லன் பேச்சுக்கு மிகுந்த தீனி போட்டவர்கள். மாயத்தோற்றங்களால் குழப்பும் கண்ணாடி மனிதன், டாக்டர் மிஸ்டீரியோஸோ, இயந்திர மனிதர்களின் பேரரசன், ஏழு பேர் கொண்ட சதிக்கூட்டம் என்று ஒவ்வொருவரும் முந்தையவரை மிஞ்சும் விசித்திரம். சீகல் அமெரிக்கக் காமிக்ஸின் 1940களின் மிகையை அப்படியே இறக்குமதி செய்தார். மூலத்தில் வாரத்துக்குச் சில பக்கங்களே வந்ததால், ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் முடிய வேண்டியிருந்தது. தமிழில் ஒரே இதழாகத் தொகுத்தபோது சில பக்கங்களுக்கு ஒருமுறை உலகம் அழியப் பார்த்தது. ‘கொலைப்படை’, ‘பாட்டில் பூதம்’, ‘டாக்டர் டக்கர்’ போன்ற இதழ்களின் மூச்சுமுட்டும் வேகம் அப்படி வந்ததே. வாசகர்களே இவற்றைக் ‘காதில் பூச்சுற்றும் கதைகள்’ என்று கேலி செய்வார்கள். கேலி செய்துகொண்டே மறுபதிப்பும் கேட்பார்கள்.

ஆர்ச்சி வயதில் மூத்தவன். 1952 பிப்ரவரியில் லண்டன் ‘லயன்’ முதல் இதழிலேயே இடம்பெற்ற இயந்திர மனிதன். படைத்தவர் அதே டெட் கோவன். தமிழில் அவனுக்குத் துணை விக்டரும் தாம்ஸனும். கோட்டை வடிவக் காலயந்திரத்தில் மூவரும் வேறு யுகங்களுக்குப் போவார்கள். தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் ‘சட்டித்தலையன்’ ஆர்ச்சியின் வாய்ச்சவடால் நினைவிருக்கும் அளவுக்கு அவனுடைய எதிரிகள் யாருக்கும் நினைவில் இல்லை. லயனின் துணை இதழான திகில் காமிக்ஸ் 1980களின் பிற்பாதியில் பேட்மேனைக் கொண்டுவந்தது. ராணி காமிக்ஸோ 1990இலிருந்து வேதாளரை முகமூடி வீரர் மாயாவி என்ற பெயரில் வெளியிட்டதால், தமிழ்நாட்டில் ஒரே காலத்தில் இரண்டு மாயாவிகள் உலவினார்கள்.

இதழ்கள் கடையில் ஒரு மாதம்தான் கிடைக்கும். கதைகள் வாழ்ந்தது பழைய புத்தகக் கடைகளிலும் வாடகை நூலகங்களிலும். சென்னையில் இதற்குப் பெயர்பெற்ற இடம், 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் வடசென்னைக்கு அது வாசற்படியில் இருந்த சந்தை. 1985 மே மாதம் அது தீக்கிரையானது. பழைய புத்தக வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். எரிந்த இடத்தில் எழுந்த புறநகர் இரயில் முனையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். 

தொலைக்காட்சி பரவிய 1990களுக்குப் பின் விற்பனை சரிந்தது. ராணி காமிக்ஸ் 500 இதழ்களுடன் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் ஒழுங்கற்று வந்தன. பழைய இதழ்கள் சேகரிப்பாளர்களிடையே அட்டைவிலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். 2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி 100 ரூபாய் விலையில் வந்த லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ மறுவருகைக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டில் 400 ரூபாய் விலையுள்ள முத்து சிறப்பிதழும் வந்தது. 2015 முதல் மும்மூர்த்திகளின் பழைய கதைகள் வரிசையாக மறுபதிப்பாயின. ஆண்டுதோறும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாசகர்கள் ஒன்றுகூடுகிறார்கள்.

அங்கும் ஆசிரியர் விஜயனின் ‘ஹாட்லைன்’ பகுதிக்கு வரும் கடிதங்களிலும் ஒரு பழைய வழக்கு தீராமல் நடக்கிறது. இவ்விதழ்களில் வரும் பிரெஞ்சு–பெல்ஜியக் கதைகளின் நிறமும் முதிர்ச்சியும் கண்ட பின்னும் மாயாவியும் ஸ்பைடரும் தேவையா என்பது ஒரு கட்சி. அவர்களின்றி இந்த இதழ்களே இல்லை என்பது மறு கட்சி. ஓவியத்துக்காகப் பார்த்தால் மாயாவிக் கதைகள் இன்றும் தாங்கும். பெரும்பாலான ஸ்பைடர் கதைகளுக்குச் சிறுவயது நினைவின் துணை வேண்டும்.

திரையுலகிலும் இவ்வாசிப்பின் தடம் உண்டு. சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ (2010) கௌபாய் காமிக்ஸுக்கான பகடியும் வணக்கமும். மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) முகமூடி நாயகனைச் சென்னைத் தெருக்களில் இறக்கிப் பார்த்தது. லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் எண்ணத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிறந்த நாட்டில் இந்த நாயகர்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தார்கள். ஆலன் மூரின் கதைக்கருவில் அவருடைய மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ தொடர் 2005இல் இவர்களை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்தது. பின்னர் ரெபெல்லியன் நிறுவனம் பழைய ஃபிளீட்வே உரிமைகளை வாங்கி, 2021இல் மாயாவி, ஸ்பைடர் கதைகளின் தொகுப்புகளை வெளியிடத் தொடங்கியது. தமிழில் அதே கதைகள் அதற்குள் அரை நூற்றாண்டாக அச்சில் புழங்கிவிட்டன. முத்து காமிக்ஸ் ஐம்பது ஆண்டைத் தொட்ட 2022இல் வேதாளர், மாண்ட்ரேக் முதலியோரின் பழைய கதைகள் ‘ஸ்மாஷிங் 70ஸ்’ என்ற கெட்டி அட்டைத் தொகுப்புகளாக வந்தன.